ஒட்டகம் ஏறிய முகடு

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே கட் பண்ணிவிடுவேன், அவ்வளவு கோபம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

நீங்கள் கொடுத்த குளிர் கோட்டைத் துவைத்து, மடித்து, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எனக்கு இனி அது தேவைப்படாது. கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு மலைக்குளிர் எங்கிருந்து வரும்?

தங்கச்சியிடம் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது தெரியும். "உங்க அண்ணன் மலைப்பாதையில முதல் வளைவுலேயே முறுக்கிக்கிட்டு இறங்கிட்டாரு." ஆமாம், அங்கேயே திருப்பிக் கீழே இறக்கச் சொன்னேன். ஏன் இறங்கினேன் என்பதையும் சொன்னீர்களா? சுற்றுலா வந்த ஜனமெல்லாம் பாதையோரம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. முன்னால் உங்கள் வேலையாள் நெட்டை இழுக்கிறான், பின்னால் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள், நடுவில் அந்த ஒற்றைச் சக்கர நாற்காலியில் நான். நாற்காலி ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தது. அதற்கு நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "மச்சான், மூட்டை மாதிரி சும்மா உக்காருங்க!"

மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனது. அன்றிலிருந்து என்னைத் தூக்கியவர்கள் எத்தனையோ பேர். மனதுக்குள் மூட்டை என்று நினைத்தவர்களும் இருப்பார்கள். வாய்விட்டுச் சொன்னது நீங்கள் ஒருவர்தான். அதுவும் என் தங்கச்சியைக் கட்டியவர்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வளைவுக்கு முன்னால் ஒரு இடத்தில் மரங்கள் இரண்டு பக்கமும் மேலே போய்க்கொண்டே இருந்தன, உச்சி கண்ணுக்கே தெரியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவ்வளவு பெரிய ஒன்றுக்கு அடியில் நான் இருந்ததே இல்லை. அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

மச்சான்

பிப்ரவரி 17

மச்சானுக்கு,

கோட்டு வந்தது. சோப்பு வாசனையோடு கோபத்தையும் சேர்த்து இஸ்திரி போட்டிருக்கிறீர்கள். அலமாரியில் உங்களுக்காகவே தொங்கவிட்டிருக்கிறேன், வேறு யாருக்கும் தரமாட்டேன்.

கத்தினேன். தப்புதான். ஆனால் எதற்குக் கத்தினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே? நீங்கள் பார்த்தது மரங்களை. நான் பார்த்தது உங்கள் இடது பக்கத்தை. அந்தப் பக்கம் பாதை முடிந்து பள்ளம் ஆரம்பிக்கிறது, மச்சான். அந்தப் பள்ளத்துப் பக்கமாக நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். என் கையில் உங்கள் முழு எடை. அந்த நேரத்தில் வாயில் என்ன வந்ததோ அதுதான் வந்தது.

மூட்டை என்று வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த நாற்காலியில் மணல் மூட்டையைக் கட்டி வைத்துத்தான் நாங்கள் ஒரு மாதம் ஏறி இறங்கிப் பழகினோம். நீங்கள் என்ன எடை என்று உங்கள் தங்கச்சியிடம் கேட்டு, அதே எடைக்கு மணல். மூட்டை அசையாது, எட்டிப் பார்க்காது, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நெட்டை அதற்குத் தொப்பிகூடப் போட்டுவிட்டான். மூட்டை ஏறிய இடத்தில் நீங்களும் ஏறிவிடலாம் என்று நினைத்தோம்.

போனது போகட்டும். நான் எதற்காக இவ்வளவு மெனக்கெட்டேன் என்று மட்டும் கேளுங்கள். இத்தனை வருஷமாக வழிகாட்டியாக ஊர்ஜனத்தைக் கூட்டிக்கொண்டு அந்த மலை முகட்டுக்குப் போகிறேன், மச்சான். இன்னும் பழகவில்லை. கடைசித் திருப்பம் தாண்டியதும் தரை முடிந்துவிடுகிறது. எதிரே ஒன்றுமே இல்லை, வானம் மட்டும்தான், அதுவும் நம் காலுக்குக் கீழேயிருந்து ஆரம்பிக்கிறது. வாயாடிகள்கூட அங்கே வந்தால் கப்சிப். ஒரு தடவை உங்கள் தங்கச்சி அங்கே நின்றுகொண்டு, "இதை எங்கண்ணன் பாக்கலையே" என்று அழுதாள். அன்றைக்குத்தான் இந்த நாற்காலியை எங்கே செய்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

இன்னும் ஒரு தடவை வாருங்கள். மழை தொடங்கினால் பாதையை மூடிவிடுவார்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். வேனில் வரும்போது நான் தண்ணீர் பாட்டில் நீட்டியதற்கு வேண்டாம் என்றீர்களே, நெட்டை ஆச்சரியப்பட்டுக் கேட்டான். "அவரு ஒட்டகம்டா, சின்ன வயசிலிருந்தே வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று சொன்னேன். அவன் இப்போது உங்களை ஒட்டகம் சார் என்கிறான். அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

பிப்ரவரி 26

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப்போட்டேன். மூன்றாவது தடவையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. தலை சுற்றியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, உடம்பு தானாகச் சாய்ந்தது. நீங்கள் கத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை மயங்கியே விழுந்திருப்பேன். அந்த வகையில் உங்கள் வாய்க்கு நன்றி.

ஏன் சுற்றியது? முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே எங்கே கிளம்பினாலும் அப்படித்தான். கல்யாணமா, பஸ் பயணமா, ஆஸ்பத்திரியா, முந்தின நாளே வாயைக் கட்டிவிடுவேன். போகிற இடத்தில் எனக்குப் போக ஒரு கக்கூஸ் இருக்காது. இருந்தாலும் வாசலில் படி இருக்கும். படி இல்லாவிட்டால் கதவு குறுகலாக இருக்கும், என் வண்டி நுழையாது. இதெல்லாம் சரியாக இருந்தால், அதைப் பூட்டி உள்ளே துடைப்பமும் வாளியும் வைத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. கழிப்பறைக்கு உயரமான படிகள். வாத்தியாரிடம் கேட்டால் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, "இவனைத் தூக்கிட்டுப் போங்கடா" என்பார். வகுப்பே சிரிக்கும். ஒரு வாரம் கேட்டேன், அப்புறம் கேட்பதை நிறுத்தினேன். தண்ணீரையும் நிறுத்தினேன். வீட்டில், "இவனுக்குத் தாகமே எடுக்காது, ஒட்டகம்" என்று செல்லமாகப் பேர் வைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதைவிட ஒட்டகமாக இருப்பது சுலபமாக இருந்தது.

பாட்டிலில் போகலாமே என்பீர்கள். போகலாம். சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் மரத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் பாருங்கள், அதை ஒரு தடவை அனுபவித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு இது தெரியாது. சொல்லாதீர்கள். நாற்காலியை வேறு யாருக்காவது பயன்படுத்துங்கள். கால் போனவர்கள் நான் ஒருவன்தானா என்ன?

மச்சான்

மார்ச் 10

மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கியே படித்துவிட்டாள் என்பதுதான் நிஜம். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம், "பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்டேன் அத்தனை வருஷமும். என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்றாள். ஒரு நாள் முழுக்க என்னோடும் பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்டதற்கு, "நீங்களும் அந்தப் பேரைச் சொன்னீங்கல்ல" என்கிறாள்.

நான் ஒரு காரியம் செய்தேன், கேட்டால் சிரிப்பீர்கள். முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, காலையில் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். நெட்டையை முன்னால் விட்டேன், பின்னால் இன்னொருவன். ஐயோ மச்சான்! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைவிடப் பெரிய விஷயம், என்னால் சும்மா உட்காரவே முடியவில்லை. பாதை ஒரு பக்கம் சரிந்தால் உடம்பு தானாக மறுபக்கம் போகிறது. கல் இடித்தால் கை பிடியைத் தேடுகிறது. மனுஷ உடம்பு அப்படித்தான் இருக்கும். பின்னால் இருந்தவன், "அண்ணே ஆடாதீங்க!" என்று கத்துகிறான். நான் உங்களைப் பார்த்துக் கத்திய அதே வளைவில்.

ஒரு மாதம் மணலோடு பழகி நாங்கள் கற்றுக்கொண்டது முழுக்கத் தப்பு. அசையாத எடையை எப்படிப் பிடிப்பது என்பது மட்டும்தான் எங்கள் கைக்குத் தெரியும். இப்போது மூட்டையை அவிழ்த்து மணலைப் பாதையிலேயே கொட்டியாகிவிட்டது. தினமும் எங்களில் ஒருவர் உட்காருகிறோம். உட்காருகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தூக்குகிறவர்கள் கேட்க வேண்டும்.

அடுத்தது இதுதான். பாதி வழியில் ஒரு சமதளம் இருக்கிறது, பாறைக்குப் பின்னால். அங்கே ஒரு கழிப்பறை கட்டப்போகிறோம். வனத்துறை அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "மலை மேல எதுக்கு?" என்றார். உங்கள் பேரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர், "எங்கம்மாவும் வெளிய கிளம்பினா தண்ணி குடிக்க மாட்டாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெட்கப்படாமல் எழுதுங்கள். கதவு எவ்வளவு அகலம் வேண்டும்? எந்தப் பக்கம் கம்பி? நாங்கள் பாட்டுக்கு எதையாவது கட்டிவைத்தால் இன்னொரு மணல் மூட்டைக் கதையாகிவிடும்.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

ஒரு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு ஏதோ பெரிய தவம் செய்தவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு குடம் குடித்திருப்பீர்களே? இருக்கட்டும். செய்தீர்களே, அதுவே போதும். தங்கச்சியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏமாற்றுவதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன், அவள் என்ன செய்வாள்?

வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அளவு கேட்டீர்கள், சொல்கிறேன்.

கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறந்தால் நானும் கதவும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுவோம். அகலம், என் சக்கர வண்டியும் அதன் இரண்டு பக்கமும் என் முழங்கையும் போகிற அளவு. அந்த ஒற்றைச் சக்கரத்தை உள்ளே கொண்டுவர முடியாது என்பதால் என் வண்டியைத் தனியாக அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். அதை யோசித்தீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். உட்காருகிற பீங்கான் என் வண்டி இருக்கையின் உயரத்துக்கே இருக்கட்டும். நான் இடது பக்கமிருந்து தாவுவேன், அதனால் இடது பக்கம் காலியாக இருக்க வேண்டும், வலது சுவரில் கம்பி. கம்பி என் முழு எடையையும் தாங்க வேண்டும். துண்டு மாட்டுகிற கம்பியைப் போட்டுவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. கதவுக் கொண்டி, உட்கார்ந்தபடி கை எட்டுகிற இடத்தில், உள்பக்கம். அதை நானே போட்டுக்கொள்வேன்.

நாற்காலியில் பாதத்தைக் கட்டப் பட்டை வேண்டும். போன தடவை என் கால் வழுக்கி வெளியே தொங்கிக்கொண்டே வந்தது, உங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உங்களுக்கே தெரியுமே. இப்போது இவ்வளவு எழுதுவதே, பேனா வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மேலே போனதும் நாற்காலியை நன்றாக ஊன்றி, பாறையில் கயிறு கட்டிவிட்டு, எல்லோரும் தள்ளிப் போய்விட வேண்டும். என் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சம்மதம் என்றால் அந்தக் கோட்டை வெயிலில் போட்டு வையுங்கள்.

மச்சான்

ஏப்ரல் 6

மச்சானுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக அங்கிருந்து தகவல் வந்தது. உங்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஏறும்போது எல்லாம் நன்றாகத்தானே போனது? வேனிலேயே பாட்டிலை நீங்களே கேட்டு வாங்கி, நெட்டையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் குடித்தீர்கள். பாதி வழியில் உள்ளே போய்க் கொண்டி போடுகிற சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் தங்கச்சி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். வெளியே வந்ததும், "கம்பி பரவாயில்ல, கதவுக்கு எண்ணெய் போடுங்க" என்றீர்கள். அதோடு எனக்கு உயிர் வந்தது.

அந்த வளைவில் நீங்கள் சொன்னீர்களே, "வலது பக்கம் சாயறேன், விட்டுக்கொடுங்க" என்று. சாய்ந்தீர்கள். என் கையில் பாதி எடை காணாமல் போய்விட்டது, மச்சான்! முன்னால் நெட்டை, "அண்ணே, சார் ஓட்றாரு" என்றான். நிஜம்தான். அதற்கப்புறம் நாங்கள் உங்களைக் கொண்டுபோகவில்லை, நீங்கள்தான் எங்களைக் கொண்டுபோனீர்கள்.

மேலே உங்கள் பேச்சுப்படியே நாற்காலியை ஊன்றிக் கயிறு கட்டிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போய்விட்டோம். கயிறு தாங்குமா என்ற பயம் இருந்தது, ஆனாலும் உங்களை எட்டிப் பார்க்கவில்லை. அங்கேயிருந்தே பார்த்தோம், பள்ளம் முழுக்க மேகம், முதுகுக்குப் பின்னால் வெயில். நெட்டைதான் முதலில் கத்தினான். மேகத்தின் மேல் அவன் நிழல், தலையைச் சுற்றி வானவில் வட்டம். நான் பார்த்தால் வட்டம் என் தலையைச் சுற்றி இருக்கிறது. உங்கள் தங்கச்சி, "இல்ல, என்னைச் சுத்தி" என்கிறாள். அடுத்தவர் வட்டம் யாருக்கும் தெரியவில்லை, அவரவருடையது அவரவருக்கு மட்டும். இத்தனை வருஷத்தில் எனக்கே இரண்டாவது தடவைதான் வாய்த்தது.

திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இறங்கும்போதும் பேசவில்லை. வேனிலும் பேசவில்லை. பையன்கள் தொங்கிய முகத்தோடு நாற்காலியைத் துடைத்து வைத்தார்கள். பிடிக்கவில்லையா? நாங்கள் மறுபடி ஏதாவது தப்புப் பண்ணிவிட்டோமா? அந்த வட்டத்தையாவது நீங்கள் பார்த்தீர்களா?

திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 15

மாப்பிள்ளைக்கு,

பார்த்தேன்.

பையன்களிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. வாயைத் திறந்தால் சின்னக் குழந்தை மாதிரி அழுதுவிடுவேனோ என்று பயந்து மூடிக்கொண்டு வந்தேன். வீடு வந்து கடையைத் திறந்தும் மூன்று நாள் வேலை ஓடவில்லை. ஒருத்தருக்குக் கிட்டப் பார்வை லென்ஸைத் தூரப் பார்வை பிரேமில் மாட்டிக்கொடுத்துவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் போன பிறகு காலடிச் சத்தம் நின்றது. அப்புறம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை, எனக்கு நாற்பத்தாறு வயது. வெளியிடத்தில் நான் தனியாக இருந்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் என் வண்டியை நானேதான் தள்ளுவேன். ஆனால் யாராவது ஒருவர் தள்ளட்டுமா என்பார், ஒருவர் பாவம் என்பார், ஒருவர் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். அங்கே யாரும் இல்லை. காற்று என்னைப் பார்க்கவில்லை, மேகம் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய இடம், அதற்கு நான் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. பயமாக இருந்தது. ஆனால் அதை விட்டு நகரவும் மனம் வரவில்லை.

வெயில் வந்ததும் எதிரே மேகத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். மலை அளவு பெரியவர். தலையைச் சுற்றி வட்டம், சிவப்பு வெளியே, நீலம் உள்ளே, அதற்கு வெளியே மங்கலாக இன்னொன்று. லென்ஸ் ஓரத்தில் அந்த நிறங்களை நான் தினமும் பார்க்கிறவன். அது லென்ஸில் வந்தால் தப்பான லென்ஸ் என்று எடுத்துவைத்துவிடுவேன். அங்கே அதே நிறங்கள் பள்ளத்தாக்கு அகலத்துக்கு நின்றன.

நான் கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். அப்போதுதான் தெரிந்தது. அம்மா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், உங்களுக்குக் கேட்டிருக்காது. மேகம் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது, அவரும் ஏறி இறங்கினார். நான் இடது பக்கம் சாய்ந்தேன், வட்டமும் சாய்ந்தது. வலது பக்கம் சாய்ந்தேன். இப்படி ஒரு வயதானவன் உட்கார்ந்து தலையை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்ததை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. வெயில் மறைந்ததும் அவர் போய்விட்டார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது பேசாமல் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தொண்டை வரை ஒரு வார்த்தை வந்து நின்றுகொண்டே இருந்தது. வேனில் வந்தது, பஸ்ஸில் ஏற்றிவிடும்போது வந்தது, நீங்கள் என் பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றபோதும் வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்நாளில் அந்த மாதிரி வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, பழக்கமில்லை. கடிதத்தில் எழுதிவிடலாம் என்று தைரியமாக உட்கார்ந்தேன். இதோ, பக்கம் முடிகிற இடத்துக்கு வந்தும் கை தயங்குகிறது.

இன்னொரு தடவை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை. கேட்கிறேன்.

மச்சான்